எடையில் குறைந்த கோழிகள்

ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அந்தத் தெரு அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் ஏமாற்றத்தான் ஏறுகிறார்கள், மீதிப் பேருக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை என்பது அவர் தன் உத்தியோக காலத்தில் கண்டுபிடித்த உண்மை. ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்க்கிறவன், ஏறின உடனே தூங்குகிறவன், கேட்பதற்கு முன்பே பாக்கெட்டைத் தட்டிக் காட்டுகிறவன், இவர்களையெல்லாம் படிக்கட்டில் நின்றபடியே மோப்பம் பிடித்துவிடுவார். எல்லாரையும்விட அவர் அதிகம் சந்தேகப்பட்டது வாயே திறக்காத சாதுவான ஆட்களைத்தான்.

"நீங்க மேல போனாலும், வாசல்ல நிக்கிறவரையே டிக்கெட் எடுத்தியான்னு கேப்பீங்க" என்பாள் அவர் மனைவி. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் கறிக்கோழி வளர்க்க இறங்கியதைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைத்தது. காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "கோழி ஏமாத்தாது. அதுக்குப் பாக்கெட் கிடையாது."

வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஷெட் போட்டார். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை, தகரக் கூரை, குளிர்காற்று வந்தால் இறக்கிவிடச் சாக்குத் தைத்த திரை. அட்டைப்பெட்டியில் பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள் வந்து இறங்கும். மரத்தூள் பரப்பிய தரையில் அவற்றை விட்டு, குண்டு பல்பைத் தாழ்த்தித் தொங்கவிடுவார். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று அர்த்தம். வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். வளர வளரத் தீனித் தட்டின் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிந்திச் சீரழித்துவிடும். இதையெல்லாம் அவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை மாதத்தில் கோழி கைக்கு வரும். கறிக்கடைக்காரர் கூடைகளோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்.

ஆனால் சந்தேகம் மட்டும் அவருடன் ஓய்வு பெறவில்லை. தீனிக்கடைக்காரன் மூட்டையில் கலப்படம் செய்கிறான், குஞ்சு கொண்டுவருகிற வண்டிக்காரன் நல்ல பெட்டியை அடுத்த ஊருக்கு வைத்துக்கொண்டு நோஞ்சானை இங்கே தள்ளுகிறான், எதிர்வீட்டுக்காரர் தன் பூனைக்கு வேண்டுமென்றே சோறு வைக்காமல் இருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தீனி மூட்டையில் தையல் பிரித்துத் தைத்த அடையாளத்தைப் பார்த்துக் கையை விட்டால், அடியில் பூசணம் பிடித்த பழைய தீனி. கடைக்காரன் வாய் குழறி மன்னிப்புக் கேட்டான். அந்த ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு கண்டக்டர் மூன்று வருஷம் சந்தேகப்பட்டார். "அன்னிக்கு நான் மட்டும் கையை விடலைன்னா?" என்று அவர் ஆரம்பித்தால் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஷெட்டுக்குள் வேறு யாரையும் விடமாட்டார். வெளியாள் செருப்பில் நோய் வரும் என்பார். மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் அவரே உள்ளே போவார், அதுவும் நியாயம்தான். ஆனால் கதவில் பூட்டு எதற்கு? நோய் பூட்டை உடைத்துக்கொண்டா வரும்? அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அப்போதுதான் மகளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்த்தவர். கடை மூடிவிட்டது. வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் மாடி அறையில் இருக்கட்டும் என்று கண்டக்டரே கூப்பிட்டார். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் முதல் வண்டிக்குக் கிளம்பும்போது அவள் எழுந்திருக்கமாட்டாள், கடைசி வண்டியிலிருந்து இறங்கி வரும்போது தூங்கிப்போயிருப்பாள். லீவு நாளில் பார்க்கிற குழந்தையாகவே அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார். இப்போது அவள் காலையில் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்து, "என்னப்பா, கோழி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தப் பெண் இப்படியே இங்கேயே இருந்துவிட மாட்டாளா என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்.

மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டார். கண்டக்டருக்கு முழங்கால் வலி வேறு. அதனால் ஷெட்டின் இரண்டாவது சாவி மாப்பிள்ளை கைக்குப் போனது. கொடுக்கும்போது கண்டக்டரின் விரல்கள் சாவியைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்திருந்தன. காலையில் மரத்தூளைக் கிளறிவிடுவது, தண்ணீர்க் குடுவைகளைத் தேய்த்துக் கழுவுவது, மூட்டை தூக்குவது எல்லாம் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை எடை பார்ப்பது மட்டும் மாமனார். உள்ளே நாலு எட்டு வைத்து, குனிந்து, கைக்கு வந்த கோழியைப் பிடித்து, காலைக் கட்டித் தொங்குதராசின் கொக்கியில் மாட்டுவார். அந்த பேட்ச் முழுக்க எடை பிரமாதமாக வந்தது. "இந்தத் தடவை கோழியில்ல, ஆட்டுக்குட்டி" என்று கறிக்கடைக்காரரிடம் வாய்நிறையச் சொல்லிவைத்தார்.

அவர் கோழி எடுக்க வந்த அன்று கூடை கூடையாக எடை போட்டபோது கதை கந்தலாகிவிட்டது.

"கண்டக்டரே, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்ன எடை வரலியே" என்றார் கறிக்கடைக்காரர்.

"உங்க தராசைக் கொஞ்சம் பாருங்க."

"எங்க தராசு வேண்டாம். உங்களுதையே கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். அதுவும் அதையே காட்டியது. கோழிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. தலை எல்லாம் சரியாக இருந்தது, எடை மட்டும் இல்லை. கண்டக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூளைக்கு அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. தலை சரி, ஆள் மாறியிருக்கிறது. யாரோ பெரிய கோழியை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சின்னக் கோழியை உள்ளே விட்டிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை. அப்படியானால் சாவி உள்ளவன்.

அன்றிலிருந்து வீடு அவருக்கு மறுபடியும் பஸ்ஸாகிவிட்டது. மாப்பிள்ளை வாய் திறக்காத ஆள், அதுவே முதல் சாட்சி. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வெள்ளை இறகு ஒன்று கிடந்தது, அது இரண்டாவது. நாள் பூராவும் கோழிகளுக்கு நடுவே நிற்கிறவன் ஸ்கூட்டரில் கோழி இறகு இல்லாமல் மயிலிறகா இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தள்ளியிருப்பார்.

"மாப்பிள்ளை மத்தியானம் எங்க போறாரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வேலை தேடித்தான். வேற எங்க போவாரு?"

"தினமுமா?"

"வேலை கிடைக்கிற வரைக்கும் தினமும்தான் தேடணும். ஏன், உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"உங்க 'ஒண்ணுமில்ல' எனக்குத் தெரியாதா? அந்தப் பையன்கிட்ட உங்க வேலையைக் காட்டிடாதீங்க. பொண்ணு மனசு உடைஞ்சிடும்."

அது அவருக்கும் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்காமல், கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். அடுத்த பேட்ச் குஞ்சுகள் வளர்ந்து, எடை பார்க்கிற பருவம் வந்ததும், இரண்டு காரியம் செய்தார். ஒன்று, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷெட்டுக்குள் ஈ பறப்பதும் தெரிகிற மாதிரி பெரிய வெள்ளை விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினார். கோழி நன்றாகத் தின்னும் என்று எல்லாரிடமும் சொன்னார். இரண்டாவது காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. மகளின் மேஜையிலிருந்து நெயில் பாலிஷ் சீசாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நல்ல சிவப்பு. மாப்பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் ஷெட்டுக்குள் போய், கைக்கு வந்த நல்ல கனமான கோழிகளாகப் பார்த்து, வால் முளைக்கிற இடத்தில் ஆளுக்கு ஒரு தீற்று தீற்றிவிட்டார். இனி இந்தச் சிவப்பு எங்கே போகிறது, எவன் கூடையில் இறங்குகிறது என்று பார்த்துவிடலாம். கண்டக்டருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் புது ரத்தம் ஓடின மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சிவப்புக் கோழிகள் குறைய ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. தலையை எண்ணினார், தலையும் குறைந்தது. திருடனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது, பதிலுக்குக் கோழி விடக்கூட மெனக்கெடவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதோடு மாப்பிள்ளை போனும் கையுமாக மதில் ஓரம் நின்று தணிந்த குரலில் பேசுவதையும் பார்த்தார். மாமனார் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்டக்டர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"மாப்பிள்ளை, ஷெட்டுல ஏழெட்டுக் கோழி குறையுதே. எங்க?"

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவர் முகம் வெளிறியதைப் பார்த்துக் கண்டக்டருக்கு உள்ளே ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. "வாங்க, காட்டறேன்."

கையைக் கழுவிவிட்டு முன்னால் நடந்தார். மூன்று பேரும் பின்னால் போனார்கள். மோட்டார் வைக்கிற சின்ன அறையின் கதவைத் திறந்தார். உள்ளே, குஞ்சு வந்த அட்டைப்பெட்டிகளில், மரத்தூள் போட்டு, ஒரு பெட்டிக்கு ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றின் பின்பக்கமும் குதறிக் கிடந்தது. காயத்தின் மேல் ஊதா மருந்து தடவியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தண்ணீர், ஒரு மூடியில் தீனி.

"ஒண்ணை ஒண்ணு கொத்துது மாமா. ஒரு கோழி மேல சிவப்பாப் பார்த்துடுச்சின்னா, ரத்தம்னு நினைச்சு எல்லாம் சேர்ந்து கொத்த ஆரம்பிச்சிடுமாம். கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா இன்னும் மோசமாம். இதுங்க கனமா வேற இருக்கு, ஓடித் தப்பிக்க முடியல. உக்கார்ந்த இடத்துலயே கொத்து வாங்கிக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு, ஆறினதும் உள்ள விட்டுடலாம்னு பார்த்தேன்."

"சிவப்பு எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள் மாமியார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மகள் குனிந்து ஒரு கோழியைத் தூக்கினாள். ஊதாவுக்குப் பக்கத்தில், இறகின் அடியில், பளபளவென்று ஒரு துளி மிச்சம் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது என் நெயில் பாலிஷ்" என்றாள்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவளுக்கு மெதுவாகப் புரிந்தது.

"நான்தான் பூசினேன்னு நினைச்சீங்களா?"

"இல்ல... இந்த வீட்டுல இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்கோன்னு..." மாப்பிள்ளை தடுமாறினார். "ஏதோ கோவத்துல செஞ்சிட்டியோன்னு. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"இத்தனை நாளா மனசுல அதை வெச்சுக்கிட்டுத்தான் என்கூடப் பேசிட்டு இருந்தீங்களா?"

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று கண்டக்டர் ஒரு கணம் நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். பிறகு மகளின் கண்ணில் தண்ணீர் திரள்வதைப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டு சொன்னார்.

"நான்தான் பூசினேன்."

"நீங்களா? எதுக்குப்பா?"

"சும்மா... ஒரு அடையாளத்துக்கு."

"எதுக்கு அடையாளம்?"

அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்கிற வாய் இல்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. சிவப்பு, வெள்ளை விளக்கு, "மத்தியானம் எங்க போறாரு" என்கிற கேள்வி எல்லாம் அந்தச் சின்ன அறையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக விளங்கியது. மாப்பிள்ளைதான் கடைசியாக விளங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்து, மோட்டார் மேடையில் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலமே மகள் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். நாளைக்குக் கிளம்புகிறார்களாம்.

"இப்ப திருப்தியா?" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவே இல்லை.

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. கண்டக்டர் தராசை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கோழி மேலிருந்த பிரியத்தால் அல்ல. செய்தது தப்பு, சரி, ஆனால் போன பேட்ச் எடை குறைந்தது நிஜம்தானே? அதற்கு ஒரு நியாயம் கிடைத்தால் மகளின் முகத்தைக் கொஞ்சமாவது பார்க்கலாம். வழக்கம்போல் வாசலோரம் நாலு கோழி பிடித்தார். நல்ல கனம். பிறகு, என்ன தோன்றியதோ, பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டு முழங்காலை இழுத்து இழுத்து ஷெட்டின் மறுகோடிக்குப் போனார். அங்கிருந்த கோழிகள் சிட்டாகப் பறந்தன. பலகையால் மூலையில் மடக்கி, மூச்சு வாங்க ஒன்றைப் பிடித்து மாட்டினார். தராசின் முள் பாதியிலேயே நின்றது. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். இன்னும் ஒன்று.

கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். தீனியை முதலில் கொட்டுவது வாசலோரம். அங்கே தின்று கொழுத்தது நகராது. நகராததுதான் முழங்கால் வலிக்காரர் கைக்கு அகப்படும். இளைத்ததெல்லாம் ஓடிவிடும். முழங்கால் வலி வந்த பிறகு ஓடுகிற கோழி ஒன்றைக்கூட அவர் எடை போட்டதில்லை. போன பேட்ச்சில் ஒரு கோழியும் மாறவில்லை, ஒருவரும் திருடவில்லை. எடை முதல் நாளிலிருந்தே அவ்வளவுதான்.

தராசை அப்படியே போட்டுவிட்டு, ஷெட்டைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்குள் ஓடினார்.

வாசலில் வாடகை வண்டி நின்றுகொண்டிருந்தது. நடையில் ஒரு பெட்டியும் இரண்டு பையும். மனைவி தூணோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை, யாரும் எதையும் எடுக்கலை" என்றார் மூச்சிரைக்க. "நான்தான் தப்பா எடை போட்டிருக்கேன். கனமான கோழியாவே பிடிச்சுப் பிடிச்சு... திருட்டே நடக்கல. என்னை மன்னிச்சிடுங்க. போகாதீங்க."

"பரவாயில்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் கோபமே இல்லை. "ஊதா மருந்து மோட்டார் ரூம் ஜன்னல்ல இருக்கு. இன்னும் ரெண்டு மூணு நாள் சாயங்காலம் தடவணும். விளக்கை மாத்திப் பழைய பல்பைப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்டக்டர் மகளின் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லும்மா. நீ இங்க இருக்கறது எனக்கு எவ்வளவு... உனக்குத் தெரியாதும்மா. இருந்துடும்மா."

அவள் கீழே உட்கார்ந்து, பெட்டியைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் பூட்டை விடுவித்து மூடியைத் திறந்தாள்.

"பாத்துக்கங்கப்பா."

"என்னம்மா இது!"

"இல்ல, பாத்துக்கங்க. அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வராது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் கண் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. மடித்த துணி, துண்டு, சீப்பு, மாப்பிள்ளையின் இரண்டு சட்டை, ஒரு மருந்து டப்பா என்று மூலை மூலையாக ஒரு சுற்று வேகமாகப் போய்விட்டு மேலே வந்தது. அவள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்காப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், மூடியை அழுத்திப் பூட்டினாள்.